பினாங்கில் மூன்று நாள்: குழம்பு வெள்ளமும் ஒரு பாக்கியும்

நானும் தம்பியும் பார்க்க வேண்டிய இடங்களை ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொண்டுதான் பினாங்கு போனோம். ஜார்ஜ்டவுனில் இறங்கிய அன்று மதியமே அந்தத் தாளை மறந்துவிட்டோம். சூலியா தெருப் பக்கம் இருந்த, சோறும் குழம்பும் விற்கும் ஒரு நாசி கண்டார் கடைதான் காரணம்.

கண்ணாடிக்குப் பின்னால் மீன் தலை, ஆட்டுக்கறி, கணவாய், வெண்டைக்காய் என்று வரிசையாகச் சட்டிகள். எனக்குத் தெரிந்த நாலு மலாய் வார்த்தையை வைத்துத் திணறிக்கொண்டிருந்தேன். பரிமாறியவர் நிமிர்ந்து பார்த்து, "தமிழா? எந்த ஊருங்க?" என்றார். மதுரை என்றேன். "எங்க பாட்டன் ஊரு கடையநல்லூர். கொழம்பு பஞ்சிரா ஊத்தவா?"

பஞ்சிர் என்றால் மலாயில் வெள்ளம். நாலு சட்டிக் குழம்பும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து சோறு மூழ்கிவிட்டது. எங்கள் வீட்டில் இப்படிக் கலந்தால் அம்மா கரண்டியைத் தூக்குவார். இங்கே அந்தக் கலப்பில்தான் ருசியே! கண்டார் என்பது தோளில் சுமக்கும் தடி. அந்தக் காலத்தில் தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் ஒரு முனையில் சோறும் மறுமுனையில் குழம்புமாகக் கட்டித் துறைமுகத் தொழிலாளிகளுக்கு விற்றார்களாம். அவர்தான் சொன்னார்.

மறுநாள் 204 ஆம் எண் பஸ்ஸில் ஆயர் ஈத்தாம். கெக் லோக் சி புத்தர் கோயிலில் படியேறிக் கால் வலித்ததுதான் மிச்சம். ரயிலில் பினாங்கு மலை உச்சிக்குப் போனால் ஒரே மேகம், ஊரே தெரியவில்லை. ஆனால் கீழே குடித்த ஆசாம் லக்சா என்ற நூடுல்ஸ் சூப் இன்னும் நாக்கில் இருக்கிறது. லக்சா என்றதும் தேங்காய்ப்பால் என்று நினைத்திருந்தேன். இது புளி போட்டு, மீனை உதிர்த்துக் கொதிக்கவைத்த சாறு. மேலே புதினா, அன்னாசித் துண்டு, ஒரு கரண்டி கறுப்பு இறால் விழுது. நம் மீன் குழம்புக்குத் தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம். தம்பிக்குப் பிடிக்கவில்லை, அவன் கிண்ணத்தையும் நானே முடித்தேன்.

ஊர் சுற்றியதெல்லாம் சாப்பிட்டது செரிக்கத்தான். 1833 இல் கட்டிய மகா மாரியம்மன் கோயில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், சீனர்களின் குவான் யின் கோயில், 1818 இல் எழுந்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், நாலையும் அரை மணி நேரத்தில் நடந்தே பார்த்துவிடலாம். ஆர்மேனியன் தெருவில் சைக்கிள் பிள்ளைகள் சுவரோவியத்துக்கு முன்னால் போட்டோ எடுக்க வரிசை நின்றது. நாங்கள் நிற்கவில்லை, தேங்காய்ப்பாலும் ஐஸும் போட்ட செண்டோல் குடிக்கப் போய்விட்டோம்.

போகிறவர்களுக்கு ஒன்று: டீ சொல்லும்போது 'குராங் மானிஸ்' (இனிப்புக் குறைவாக) என்று சேர்த்துச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பாயசம்தான் வரும். சார் குவே தியாவ் என்ற வறுத்த அரிசி நூடுல்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்க்கும் கடைகளும் உண்டு, கேட்டுவிட்டு உட்காருங்கள். அன்று ராத்திரி தம்பிக்கு வயிறு கலங்கியதற்குக் கடைக்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன். காலையிலிருந்து அது ஆறாவது சாப்பாடு.

கிளம்பும் அன்று காலையில் மறுபடி அதே நாசி கண்டார் கடைக்குப் போய்ப் பொட்டலம் கட்டச் சொன்னோம். "மதுரையிலேர்ந்து கடையநல்லூர் கிட்டத்தானே? நான் பார்த்ததே இல்ல. போனீங்கன்னா பெரிய தெருவ ஒரு படம் எடுத்து அனுப்புங்க" என்று அன்று பரிமாறியவர் தன் நம்பரைப் பொட்டலத்தின் மேலேயே எழுதிக் கொடுத்தார்.

மூணு மணி நேரப் பயணம்தான். இன்னும் போகவில்லை.