பழைய சர்வரை வெளியே அனுப்புமுன்: டிஸ்க்கை உருவினால் மட்டும் போதுமா?

ரேக்42

“டிஸ்க்கை எல்லாம் உருவியாச்சு, பெட்டியைத் தூக்கிக் கொடுத்துடலாம்.” சர்வர் கழிக்கும் இடங்களில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம் இது. வினை தொடங்குவதும் இங்கேதான். அதனால் எங்கெங்கே தரவு ஒளிந்திருக்கும் என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன்; டிஸ்க், உடைப்பு, கணக்கு ஆகியவற்றை மற்றவர்கள் தொடர்வார்கள்.

மூடியைத் திறந்தால்தான் கண்ணில் படும் இடங்கள் பல. 2யூ (ரேக்கில் இரண்டு அடுக்கு உயரம்) சர்வர்களில் பின்பக்கமும் இரண்டு சிறிய டிஸ்க் இருக்கலாம். ஹைப்பர்வைசர் (ஒரே சர்வரில் பல மெய்நிகர் சர்வர்களை ஓட்டும் மென்பொருள்) ஏற்றிய எஸ்டி கார்டுகள், மதர்போர்டிலேயே செருகிய யுஎஸ்பி, பிசிஐஇ கார்டு போலத் தெரியும் எம்.2 பூட் மாட்யூல் (டெல் சர்வர்களில் ‘பாஸ்’ கார்டு என்பார்கள்) ஆகிய மூன்றும் டிஸ்க் கணக்கில் சேராமல் நழுவுபவை. டேப் டிரைவ் இருந்தால் உள்ளே கார்ட்ரிட்ஜ் தங்கியிருக்கிறதா என்று வெளியே தள்ளிப் பாருங்கள்.

அடுத்தது ரெய்டு கண்ட்ரோலர், பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரே வால்யூமாகக் காட்டும் கார்டு. திடீரென மின்சாரம் போனால், டிஸ்க்கில் இன்னும் எழுதாமல் தற்காலிக நினைவகத்தில் (கேஷ்) நிற்கும் தரவை சூப்பர் கெப்பாசிட்டரின் துணையோடு தன் ஃபிளாஷ் சில்லில் இறக்கி வைக்கும் வகை உண்டு. சர்வரை முறையாக ஷட்டவுன் செய்து, கண்ட்ரோலர் மெனுவில் தேங்கிய கேஷ் ஏதும் இல்லை என்று உறுதி செய்த பிறகே கார்டைக் கழற்ற வேண்டும். இருந்தால் அங்கேயே நீக்கிவிடலாம்.

சாதாரண ராம் மின்சாரம் போனால் மறந்துவிடும். ஆப்டேன் பெர்சிஸ்டன்ட் மெமரி மறக்காது. இரண்டும் அதே வடிவ ஸ்லாட்டில்தான் உட்காரும், ஆகவே ஒவ்வொரு லேபிளையும் படித்தே பிரிக்க வேண்டும்.

சர்வரைத் தொலைவிலிருந்து இயக்க உதவும் ஐட்ராக் (டெல்), ஐலோ (எச்பிஇ) போன்ற நிர்வாகச் சில்லுகளைப் பலர் தொடுவதே இல்லை. நிர்வாகி கணக்குகள், ஐபி விவரம், டைரக்டரி சேவைக்குக் கொடுத்த கடவுச்சொல், எஸ்என்எம்பி கம்யூனிட்டி (கண்காணிப்புக்கான கடவுச்சொல் போன்றது), சான்றிதழின் தனிச்சாவி எல்லாம் அதில் இருக்கும். டெல்லில் லைஃப்சைக்கிள் கண்ட்ரோலருக்குள் ‘ரீபர்ப்பஸ் ஆர் ரிட்டயர் சிஸ்டம்’, எச்பிஇயில் ஜென்10 முதல் ‘ஒன் பட்டன் செக்யூர் எரேஸ்’ இதற்கென்றே உள்ளன. ஒரு எச்சரிக்கை: இவை இணைந்திருக்கும் டிஸ்க்குகளையும் அழிக்கக்கூடியவை. வெளிச் சேமிப்பகத்தின் கேபிள்களைக் கழற்றிய பிறகே பொத்தானில் கை வைக்க வேண்டும். சாவிகளைச் சேமிக்கும் டிபிஎம் சில்லையும் பயாஸில் (சர்வரின் தொடக்க அமைப்பு மெனு) ‘கிளியர்’ செய்துவிடுங்கள்.

முன்பக்கம் இழுத்தால் வரும் சின்ன பிளாஸ்டிக் பட்டையைப் பாருங்கள். சில மாடல்களில் ஐட்ராக்கின் ஆரம்பக் கடவுச்சொல் அதிலேயே அச்சாகியிருக்கும். ஹோஸ்ட்நேம், ஐபி ஒட்டிய ஸ்டிக்கர்களையும் உரித்தெடுங்கள். இவ்வளவும் முடிந்த பிறகுதான் டிஸ்க்கைப் பற்றிப் பேச வேண்டும்.

பிட்டுக்குப்பிட்

டிஸ்க் பகுதியை நான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு பழைய நம்பிக்கை. மூன்று முறை, ஏழு முறை மேலெழுத வேண்டும் என்பது அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் 1990களின் கையேட்டோடு ஒட்டிக்கொண்ட பழக்கம். அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட்டின் 800-88 ஆவணத்தின் 2014 திருத்தம் வேறுவிதமாகப் பிரித்தது: சாதாரண மீட்பு முறைகளால் மீட்க முடியாதபடி அழிப்பது ‘கிளியர்’, ஆய்வகக் கருவியாலும் மீட்க முடியாதபடி அழிப்பது ‘பர்ஜ்’, பொருளையே சிதைப்பது ‘டிஸ்ட்ராய்’. சுழலும் தகடுள்ள இன்றைய காந்த டிஸ்க்குக்கு ஒருமுறை முழுதாக மேலெழுதினால் போதும். எத்தனை முறை எழுதினோம் என்பதை விட, எழுத்து எட்டாத இடம் மிச்சம் இருக்கிறதா என்பதே பெரிய கேள்வி.

எட்டாத இடங்கள் மூன்று. டிஸ்க் தானாக ஒதுக்கிவைத்த பழுதான செக்டர்கள் (தரவு எழுதும் சிறு கட்டங்கள்) முதலாவது. டிஸ்க்கின் அமைப்பிலேயே கணினிக்குத் தெரியாதபடி எச்பிஏ, டிசிஓ என்று மறைத்து வைத்த பகுதி இரண்டாவது. சாட்டா (ஒரு டிஸ்க் இணைப்பு வகை) டிஸ்க்கில் லினக்ஸின் எச்டிபார்ம் கருவி இரண்டு செக்டர் எண்களைக் காட்டும், இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் எச்பிஏ ஒளிந்திருக்கிறது. மூன்றாவது, ரெய்டு கண்ட்ரோலருக்குப் பின்னால் கணினிக்கே தெரியாமல் கிடக்கும் ஹாட் ஸ்பேர் டிஸ்க், அதாவது பழுதானதற்கு மாற்றாகக் காத்திருப்பது.

ரெய்டு வால்யூமை ‘டெலீட்’ செய்வதை அழிப்பு என்று நினைக்கவே கூடாது. தரவு அப்படியே இருக்கும். டிஸ்க்குகளில் அமைப்பு விவரம் மீந்திருந்தால் அதே வகைக் கண்ட்ரோலரில் செருகி ‘ஃபாரின் கான்ஃபிக்’ இம்போர்ட் கொடுக்கலாம், வால்யூம் உயிரோடு எழுந்து வரும். கண்ட்ரோலரை எச்பிஏ முறைக்கு மாற்றி, ஒவ்வொரு டிஸ்க்கும் தனித்தனியாகத் தெரியும்படி வைத்து அழிப்பதே சரி. (இந்த எச்பிஏ வேறு, மேலே சொன்ன மறைபகுதி வேறு. பெயர் மட்டும் ஒன்று.)

நேரத்தைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 12 டெராபைட் டிஸ்க், சராசரி வேகம் நொடிக்கு 200 மெகாபைட் என்றால் 60,000 நொடி, அதாவது கிட்டத்தட்ட 17 மணி நேரம். 24 டிஸ்க்கை ஒரே நேரத்தில் ஓட்டினால் நொடிக்கு 4,800 மெகாபைட் தேவை. 6 ஜிகாபிட் எஸ்ஏஎஸ் என்ற சர்வர் டிஸ்க் இணைப்பின் நான்கு பாதைகளும் சேர்ந்தே 2,400தான் தரும். 17 மணி நேரம் 34 ஆகிவிடும். வண்டி மறுநாள் காலை வருகிறது என்று சொல்லிவிட்டு மாலையில் தொடங்குபவர்கள் இங்கேதான் மாட்டிக்கொண்டு, பாதியில் நிறுத்திய டிஸ்க்கை ‘முடிந்தது’ அட்டைப்பெட்டியில் போடுகிறார்கள்.

தகடு இல்லாமல் ஃபிளாஷ் சில்லில் சேமிக்கும் எஸ்எஸ்டியில் மேலெழுதுவதை நம்பாதீர்கள். வெளியே காட்டும் அளவை விட அதிக ஃபிளாஷ் உள்ளே இருக்கிறது. எழுதும் தரவு எந்தச் சில்லுக்குப் போகும் என்பதை அதன் கண்ட்ரோலரே தீர்மானிக்கிறது. டிஸ்க்கின் சொந்தக் கட்டளையைத்தான் பயன்படுத்த வேண்டும்: சாட்டாவுக்கு ‘செக்யூர் எரேஸ்’ அல்லது ‘சானிடைஸ்’, எஸ்ஏஎஸ், என்விஎம்இ இரண்டுக்கும் ‘சானிடைஸ்’. நடுவில் மின்சாரம் போனாலும் சானிடைஸ் திரும்ப வந்து வேலையை முடிக்கும், அதுவரை தரவைப் படிக்க விடாது. முடிந்ததா என்பதை அதன் லாக்கில் படியுங்கள். சாட்டாவில் ‘ஃப்ரோஸன்’ என்று அடம்பிடித்தால் பயாஸ் பூட்டியிருக்கிறது என்று பொருள். சர்வர் ஓடும்போதே டிஸ்க்கை உருவி மறுபடி செருகினால் பெரும்பாலும் விடுபடும். செக்யூர் எரேஸுக்கு முன் வைக்கும் தற்காலிகக் கடவுச்சொல்லைக் குறித்து வைக்கவும். பாதியில் மின்சாரம் போனால் டிஸ்க் பூட்டியே நிற்கும், திறக்க அதுதான் வேண்டும்.

கட்டளை ‘வெற்றி’ என்று சொன்னதால் மட்டும் நம்பிவிடக் கூடாது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ ஆய்வாளர்கள் 2011இல் சோதித்த எஸ்எஸ்டிகளில் ஒன்று, அழித்துவிட்டேன் என்று அறிவித்த பிறகும் தரவை அப்படியே வைத்திருந்தது. திரும்பப் படித்துப் பார்ப்பதை வேலையின் பாகமாகவே வையுங்கள். அழித்தவரே சரிபார்க்காமல் வேறொருவர் பார்ப்பது நல்லது.

குறியாக்கிய தரவைத் திறக்கும் சாவியை மட்டும் அழிக்கும் ‘கிரிப்டோ எரேஸ்’ நொடியில் முடியும், மிக நல்ல வழி. ஆனால் முதல் பைட் எழுதப்படும் முன்பே குறியாக்கம் நடப்பில் இருந்திருக்க வேண்டும். சாவியின் நகல் வேறு சர்வரில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

செம்பும்ஈயமும்

பிட்டுக்குப்பிட் அண்ணா சொன்னதோடு உடைப்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். துளை போடுவது, சுத்தியலால் அடிப்பது இரண்டும் வேண்டாம். எஸ்எஸ்டியில் துளை ஒரு சில்லைத் துளைக்கும், பக்கத்துச் சில்லு முழுதாக இருக்கும். சில 2.5 அங்குல டிஸ்க்குகளின் தகடு கண்ணாடி, உடைந்தால் தூள் பறக்கும். அதோடு துளை போட்ட டிஸ்க்கை அதன் பிறகு படித்துச் சரிபார்க்கவும் முடியாது.

வலுவான காந்தப்புலத்தால் அழிக்கும் டீகாஸரில் எஸ்எஸ்டியைப் போடுவதால் எந்தப் பயனும் இல்லை, அதில் காந்தமாக்கிய தரவே கிடையாது. காந்த டிஸ்க்கும் எல்டிஓ டேப்பும் அழியும், ஆனால் வழிகாட்டும் சர்வோ தடமும் சேர்ந்து போவதால் மறுபயன்பாடு முடிந்தது.

டிஸ்க்கைத் துண்டாக்கும் ஷ்ரெடர் என்றால் துண்டின் அளவைக் கேளுங்கள். ஐஎஸ்ஓ 21964 தரத்தில் எச்-4 என்பது காந்த டிஸ்க்குக்கானது, துண்டு 2,000 சதுர மில்லிமீட்டர் வரை இருக்கலாம். 12க்கு 18 மில்லிமீட்டர் உள்ள ஒரு ஃபிளாஷ் சில்லு வெறும் 216 சதுர மில்லிமீட்டர். அந்த ஷ்ரெடரில் எஸ்எஸ்டியைப் போட்டால் சில்லு ஒரு கீறலும் இல்லாமல் மறுபக்கம் விழலாம். எஸ்எஸ்டிக்கு இ வரிசை பார்க்க வேண்டும். இ-4 என்றால் 30 சதுர மில்லிமீட்டர்.

ஷ்ரெடருக்கு அனுப்பும் முன் பேட்டரிகளை எடுங்கள். மதர்போர்டில் சிஆர்2032 காசு பேட்டரி, பழைய ரெய்டு கார்டில் லித்தியம் அயான் பேட்டரி. நசுங்கிய லித்தியம் தீப்பிடிக்கும். முனைகளில் டேப் ஒட்டி, தனி டப்பாவில் போடவும். உப்பிய பேட்டரியை அழுத்தவோ மற்றவற்றோடு சேர்க்கவோ கூடாது. யுபிஎஸ்ஸின் ஈய பேட்டரி தனி வழி.

டிஸ்க் போன பிறகு மிச்சமுள்ள பெட்டியை அப்படியே உடைக்கக் கொடுப்பது எனக்கு மனம் ஒப்பாத காரியம். ராம், ப்ராசஸர், மின்வழங்கி, நெட்வொர்க் கார்டு எல்லாம் இன்னும் பல வருடம் ஓடும். ராமை ஆன்டிஸ்டாடிக் உறையில் வையுங்கள். ப்ராசஸரைக் கழற்றியதும் சாக்கெட்டின் மேல் பிளாஸ்டிக் மூடியைப் போட்டுவிடுங்கள், பின் ஒன்று வளைந்தாலும் போர்டு வீண். மறுபயன்பாட்டுக்கு வழியில்லாததுதான் உருக்காலைக்குப் போக வேண்டும்.

போர்டில் செம்பு, தங்கம், பல்லேடியம் இருக்கின்றன என்பதால்தான் வாங்க ஆள் வருகிறது. கூடவே ஈயமும் புரோமின் சேர்த்த தீத்தடுப்பானும் இருக்கின்றன. 2006இல் ஐரோப்பா ஈயத்தைக் கட்டுப்படுத்தியபோதும் சர்வர் சால்டருக்கு விலக்கு இருந்தது. கம்பியைத் திறந்தவெளியில் எரித்தால் டையாக்ஸின் எழும், போர்டை அமிலத்தில் ஊறவைத்தால் மிச்சம் மண்ணுக்குள் இறங்கும். ஐநா அமைப்புகளின் 2024 அறிக்கைப்படி 2022இல் உலகில் உருவான மின்கழிவு 6.2 கோடி டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சியானதாகப் பதிவானது 22.3 சதவீதம்.

எடுத்துச் செல்பவரிடம் கேட்க வேண்டியவை: மின்கழிவு மறுசுழற்சியாளருக்கான ஆர்2 அல்லது இ-ஸ்டூவர்ட்ஸ் சான்று நடப்பில் உள்ளதா, சான்று இந்தக் கிளைக்கா வேறு கிளைக்கா, அவருக்கு அடுத்த கை யார். 2025 ஜனவரி 1 முதல் கழிவு நாடு விட்டு நாடு போவதைக் கட்டுப்படுத்தும் பாசல் ஒப்பந்தப்படி ஆபத்தற்றது உட்பட எல்லா மின்கழிவும் எல்லை தாண்ட, பெறும் நாட்டின் முன் ஒப்புதல் வேண்டும்.

தணிக்கைக்கண்

ஒப்படைப்பதிலும் கணக்கிலும் கோட்டை விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்க நிதி நிறுவனமான மார்கன் ஸ்டான்லியின் விவகாரம் பொதுப்பதிவில் உள்ளது. தரவு அழிப்பில் அனுபவமே இல்லாத சரக்கு நகர்த்தும் நிறுவனத்திடம் ஆயிரக்கணக்கான டிஸ்க்குகளையும் சர்வர்களையும் ஒப்படைத்தார்கள். சில சாதனங்கள் வாடிக்கையாளர் விவரத்தோடு இணைய ஏலத்துக்கே வந்தன. கிளை அலுவலகச் சர்வர்களைக் கழித்த வேறொரு பணியில் 42 சர்வர்கள் கணக்கில் காணவில்லை. அவற்றில் குறியாக்க வசதி இருந்தது, பல வருடம் அதை இயக்கவே இல்லை. அமெரிக்காவின் வங்கி ஒழுங்குமுறை அமைப்பு 2020இல் 6 கோடி டாலரும், பங்குச் சந்தை ஆணையம் 2022இல் 3.5 கோடி டாலரும் அபராதம் விதித்தன.

ஆகவே சர்வரின் சீரியல் எண் மட்டும் போதாது. உள்ளிருக்கும் ஒவ்வொரு டிஸ்க், எஸ்டி கார்டு, எம்.2 எண்ணும் பட்டியலில் ஏற வேண்டும். சர்வர் ரேக்கில் இருக்கும்போதே டிஸ்க் விவரம் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் கருவி கொண்டு எண்களை எடுத்துவிடுங்கள். கழற்றிய பிறகு லேபிளை ஸ்கேன் செய்து இரண்டையும் ஒப்பிடுங்கள். ஒன்று குறைந்தாலும் வண்டி நகரக் கூடாது. அழித்ததற்கான சான்றிதழில் சீரியல் எண், மாடல், முறை, கருவியும் அதன் பதிப்பும், எப்படிச் சரிபார்த்தது, யார், எந்தத் தேதி என்பவை இருக்க வேண்டும். “40 டிஸ்க் அழிக்கப்பட்டது” என்ற ஒற்றை வரிச் சான்றிதழை ஏற்காதீர்கள்.

குத்தகைச் சர்வர் என்றால் டிஸ்க்கை வைத்துக்கொள்ள ஒப்பந்தம் அனுமதிக்கிறதா என்று முதலிலேயே படியுங்கள். வாரண்டியில் மாற்றிய பழுதான டிஸ்க் திரும்பிப் போவதும் இதே கணக்கில் வரும்.

ரேக்42

பழுதான டிஸ்க் என்றதும் கேட்கத் தோன்றியது: சுழலாத டிஸ்க்கைக் கட்டளையால் அழிக்க முடியாதே, என்ன செய்கிறீர்கள்? இன்னொன்று, பழைய ஸ்டோரேஜ் பெட்டியிலிருந்து எடுத்த எஸ்ஏஎஸ் டிஸ்க் லினக்ஸில் அளவு பூஜ்யம் என்று காட்டுவது.

பிட்டுக்குப்பிட்

சுழலாதது, பாதியில் பிழை தருவது இரண்டும் நேராக உடைக்கும் பெட்டிக்கு, சிவப்பு ஸ்டிக்கரோடு. மோட்டார் போனாலும் தகட்டில் தரவு இருக்கிறது.

பூஜ்யம் காட்டுவது, வழக்கமான 512க்குப் பதில் 520 பைட் செக்டர் இருப்பதால். எஸ்ஜி ஃபார்மேட் கருவியால் 512க்கு மாற்றினால் தெரியும். பெரிய டிஸ்க்குக்குப் பல மணி நேரம் ஆகும். நடுவில் மின்சாரத்தை நிறுத்தினால் ‘ஃபார்மேட் கரப்டட்’ என்று நின்றுவிடும், மறுபடி முதலிலிருந்துதான். யுபிஎஸ்ஸில் போட்டு விட்டுவிடுங்கள்.

அதே ரேக்கில் சிஸ்கோ சுவிட்ச் இருந்தால் ‘ரைட் எரேஸ்’ மட்டும் கொடுத்து விடாதீர்கள், விலான் (நெட்வொர்க்கைப் பிரிக்கும் அமைப்பு) கோப்பு ஃபிளாஷில் தங்கும். அதைத் தனியாக நீக்க வேண்டும்.