ஹோகுன் என்று ஏன் பெயர் வைத்தார்கள்?

சின்னம்மா (ஒஸ்லோ): மேல்வீட்டு நோர்வேத் தம்பதிக்கு ஆண் பிள்ளை பிறந்திருக்கிறது. ஹோகுன் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அப்பாவின் தகப்பனுடைய பெயராம். இங்கேயும் அந்த வழக்கம் இருந்தது.

பெரியப்பா: பத்திரிகையில் ஹாகோன் என்றல்லவா போடுகிறார்கள்?

சின்னம்மா: அரச குடும்பம் பழைய முறைப்படி இரண்டு ‘ஏ’ போட்டு எழுதுகிறது, அத்தான். வாசிப்பது ‘ஹோ’ என்றுதான். மற்றவர்கள் பெரும்பாலும் ஒரே ‘ஏ’ எழுதி, தலையில் சின்ன வட்டம் போடுவார்கள்.

நான்: பொருள் என்ன, சின்னம்மா?

சின்னம்மா: பழைய நோர்ஸ் மொழியில் ‘ஹா’ உயர்ந்த, ‘கொன்ர்’ வழித்தோன்றல். உயர்குடிப் பிள்ளை என்று வைத்துக்கொள். ஆனால் பெயரைக் கேட்டதும் இங்குள்ளவர்களுக்கு முதலில் அரசர் ஏழாம் ஹோகுன்தான் நினைவுக்கு வருவார்.

மாமா (டொரண்டோ): அந்த அரசர் டென்மார்க்காரர் என்று படித்தேனே அக்கா?

சின்னம்மா: ஆம் தம்பி, இளவரசர் கார்ல். 1905-இல் நோர்வே சுவீடனை விட்டுப் பிரிந்ததும் அவரை அழைத்தார்கள். மக்களைக் கேட்காமல் வரமாட்டேன் என்றார். நவம்பரில் வாக்கெடுப்பு நடந்தது. கிட்டத்தட்ட 79 சதவீதம் பேர் முடியாட்சிக்கு ஆதரவு. உடனே தன் பெயரை ஏழாம் ஹோகுன் என்று மாற்றிக்கொண்டார். இரண்டு வயது மகன் அலெக்சாண்டர் ஓலாவ் ஆனான். ஆறாம் ஹோகுன் 1380-இல் இறந்தவர்! ஐந்து நூற்றாண்டு கழித்து அடுத்த எண். அறுந்த இழையைப் பிடித்து முடிந்துவிட்டார்கள். எனக்கு இன்றும் வியப்புத்தான்.

நான்: நீங்கள் முன்பு அனுப்பிய ஓவியத்தில் இரண்டு வீரர்கள் பனிச்சறுக்குக் கட்டைகளில் ஒரு குழந்தையைச் சுமந்து போனார்களே?

சின்னம்மா: அந்தக் குழந்தையின் பெயரும் ஹோகுன்தான், பிள்ளை. தகப்பன் மூன்றாம் ஹோகுன் 1204-இல் இறந்த பிறகு பிறந்தவன், அதனால் தகப்பன் பெயரே அவனுக்கும். 1206 பனிக்காலத்தில், இரண்டு வயதுகூட நிரம்பாதவனை எதிரிகளிடமிருந்து காப்பாற்ற மலை கடந்து தூக்கிப் போனார்கள். 1217-இல் அரசனாகி 1263 வரை ஆண்டான். இன்றும் அதன் நினைவாக 54 கிலோமீட்டர் பனிச்சறுக்குப் போட்டி நடக்கிறது. ஓடுகிறவர்கள் முதுகில் மூன்றரைக் கிலோ மூட்டை கட்டாயம். குழந்தையின் பாரமாம்!

பெரியப்பா: இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அந்த ஏழாம் ஹோகுன் லண்டனுக்குப் போனவர் அல்லவா?

சின்னம்மா: போனார். ஆனால் அதற்கு முன் ஜேர்மனியர் கேட்டதை மறுத்தார். 1940 ஏப்ரலில் நோர்வேக்குள் படையோடு புகுந்தவர்கள், தங்கள் பக்கம் நின்ற நோர்வே அரசியல்வாதி குவிஸ்லிங்கைப் பிரதமராக்கு என்று கேட்டார்கள். அரசாங்கம் சம்மதித்தால் நான் பதவி விலகுவேன் என்றார். மறுநாளே அவர் தங்கியிருந்த ஊர்மீது குண்டு போட்டார்கள். ஜூன் 7-ஆம் தேதி கப்பலேறினார். பின்னர் ஊர்ச்சுவர்களிலும் பனியிலும் ‘எச்’ எழுத்தும் அதற்குள் 7-உம் தோன்றத் தொடங்கின. அந்தச் சின்னம் பொறித்த நாணயத்தைச் சட்டையில் குத்திக்கொண்டவர்களும் உண்டு. தண்டனை கிடைக்கும் என்று தெரிந்தே செய்தார்கள். 1945-இல், அதே ஜூன் 7 அன்று, அரசர் ஒஸ்லோ திரும்பினார்.

மாமா: 1973-இல் பிறந்த பட்டத்து இளவரசரும் ஹோகுன்தானே?

சின்னம்மா: அவருக்குப் பிறக்கும்போதே வைத்தது. அரசரானால் எட்டாம் ஹோகுன். முடிசூட்டு விழா மட்டும் இருக்காது. 1906-க்குப் பிறகு இங்கே யாருக்கும் நடக்கவில்லை.