விண்டோஸ் 10-லிருந்து மேக் மினிக்கு மாறினால் பழைய க்யூபேஸ் ப்ராஜெக்ட்டுகள் திறக்குமா?

மோகனம்_மாடி கேட்டது:

வீட்டு ரெக்கார்டிங் கம்ப்யூட்டரை மாற்ற வேண்டிய கட்டாயம். இப்போது ஓடுவது இன்டெல் ஐ5, 7-ஆம் தலைமுறை, 16 ஜிபி ரேம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. இந்த ப்ராஸசரில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. மேக் மினி எம்4 (16 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்.எஸ்.டி) வாங்கலாமா என்று யோசனை.

கையில் இருப்பவை: க்யூபேஸ் ப்ரோ 12 (பாட்டு ரெக்கார்டிங் மென்பொருள்), கான்டாக்ட் முழுப் பதிப்பு (பதிந்து வைத்த வாத்தியச் சத்தங்களை, அதாவது சாம்பிள்களை, வாசிக்கும் மென்பொருள்), அதற்கு ஏறத்தாழ 600 ஜிபி சாம்பிள் லைப்ரரி (விண்டோஸின் என்.டி.எஃப்.எஸ் ஃபார்மட்டில் வெளி ஹார்ட் டிஸ்க்), ஸ்கார்லெட் 2ஐ2 ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி), 49 கட்டை மிடி கீபோர்டு. ஐலாக் (லைசென்ஸ் காக்கும் சேவை) கணக்கில் மூன்று ப்ளக்-இன் (க்யூபேஸுக்குள் ஏறும் வாத்திய, எஃபெக்ட் மென்பொருள்). இலவச ப்ளக்-இன்கள் ஏராளம். அதில் சில பழைய 32-பிட் ரகம், 64-பிட் க்யூபேஸில் ஓட வைக்கும் ஜேபிரிட்ஜ் போட்டு ஓட்டுகிறேன். முடிந்தும் முடியாமலும் 40 ப்ராஜெக்ட்.

ஆப்பிளின் ரெக்கார்டிங் மென்பொருளான லாஜிக்குக்கே போய்விடலாமா, க்யூபேஸிலேயே இருக்கலாமா? 256 ஜிபி போதுமா? லைப்ரரியை எப்படிக் கொண்டுபோவது? முக்கியமாக, பழைய ப்ராஜெக்ட்டுகள் திறக்குமா?

ஃபேடர்நூல்:

திறக்கும். சத்தம் வருமா என்பதுதான் கேள்வி. சிபிஆர் (க்யூபேஸ் ப்ராஜெக்ட்) ஃபைல் விண்டோஸ், மேக் இரண்டிலும் ஒன்றே. டெம்போ, மிடி (வாசித்த ஸ்வரங்களின் குறிப்பு, சத்தம் அல்ல), எடிட், ஃபேடர், ஆட்டோமேஷன் (ஃபேடர், எஃபெக்ட் அசைவுகளின் பதிவு) எல்லாம் அப்படியே வரும். வராமல் போவது ப்ளக்-இன்கள்.

காரணம் இது: ப்ளக்-இன்களின் ஃபார்மட் வி.எஸ்.டி, அதில் 2 பழையது, 3 புதியது. ஆப்பிள் சிலிக்கானில் (எம்4 போன்ற ஆப்பிளின் சொந்தச் சிப்) நேரடியாக ஓடும் க்யூபேஸ் வி.எஸ்.டி 3-ஐ மட்டும்தான் ஏற்கும். வி.எஸ்.டி 2 வேண்டுமென்றால் க்யூபேஸையே ரொசெட்டாவில் (இன்டெல் மேக்குக்கு எழுதியதை ஆப்பிள் சிப்பில் ஓட்டும் வசதி) திறக்க வேண்டும். மேக் ஓ.எஸ் 27 வரைதான் ரொசெட்டா முழுமையாக இருக்கும் என்று ஆப்பிள் சொல்லிவிட்டது, ஆகவே அதை நம்பி வீடு கட்டாதீர்கள். 32-பிட் ப்ளக்-இன்களுக்கு அந்த வழியும் இல்லை. 2019-இல் வந்த மேக் ஓ.எஸ் கேட்டலினாவிலேயே மேக் 32-பிட்டை முழுசாகக் கைவிட்டது.

எனவே பாதி வேலை பழைய பெட்டியிலேயே முடிய வேண்டும். எது எது விடுபடும் என்று இப்போதே கண்டுபிடிக்க ஒரு குறுக்குவழி: க்யூபேஸை மூடுங்கள். ப்ரோகிராம் ஃபைல்ஸுக்குள் வி.எஸ்.டி 2 ப்ளக்-இன்கள் இருக்கும் ஃபோல்டரின் பெயரை மாற்றுங்கள் (முன்னால் ஒரு ‘அ’ சேர்த்தால் போதும், ஜேபிரிட்ஜ் செய்து வைத்த ஃபைல்கள் வேறு ஃபோல்டரில் இருந்தால் அதையும்). க்யூபேஸைத் திறந்து ஒவ்வொரு ப்ராஜெக்ட்டாக ஏற்றுங்கள். காணாமல்போன ப்ளக்-இன்களின் பட்டியல் ஒரு சின்ன ஜன்னலில் வரும். படம் பிடித்துக்கொண்டு சேவ் செய்யாமல் மூடுங்கள். மேக்கில் கிட்டத்தட்ட அதே ஜன்னல்தான் வரப்போகிறது. முடிந்ததும் ஃபோல்டருக்குப் பழைய பெயரைக் கொடுத்துவிடுங்கள்.

பட்டியலில் வந்த ப்ளக்-இன்னுக்கு வி.எஸ்.டி 3 பதிப்பும், அது மேக்குக்கும் இருந்தால், விண்டோஸிலேயே அதை அதே ஸ்லாட்டில் போட்டு மாற்றிவிடுங்கள். செட்டிங்கைப் பழையதில் அதன் சொந்த ப்ரீசெட்டாகச் சேமித்துப் புதியதில் ஏற்ற வேண்டும். ஆட்டோமேஷன் லேன்கள் தானாக ஒட்டிக்கொள்ளும் என்று நம்ப வேண்டாம், கேட்டுப் பாருங்கள். மேக் பதிப்பே கிடையாது என்றால் அந்த ட்ராக்கை க்யூபேஸின் ‘ரெண்டர் இன் ப்ளேஸ்’ கட்டளையால் ஆடியோவாக்குங்கள். அதில் ‘சேனல் செட்டிங்ஸ்’ என்ற முறையைத் தேர்ந்தெடுத்தால் இன்சர்ட் எஃபெக்ட் (அந்த ட்ராக்கிலேயே போட்டது) சேர்ந்து பதியும், சென்ட் (பொது எஃபெக்ட்டுக்கு அனுப்புவது) தனியே உயிரோடு இருக்கும். ரிவெர்ப் வால் அறுபடாமல் இருக்க ‘டெய்ல்’ இடத்தில் 3, 4 வினாடி கொடுங்கள். மூல மிடி ட்ராக்கை அழிக்காமல் டிஸேபிள் செய்து வையுங்கள்.

முடிந்த பாட்டுகளுக்கு இத்தனை மெனக்கெட வேண்டாம். முதல் பாரிலிருந்து கடைசி வரை எல்லா சேனலையும் 24-பிட் வேவ் ஸ்டெம்களாக (ட்ராக்குக்கு ஒன்றாக முழுநீள ஆடியோ ஃபைல்) எடுத்து, டெம்போ ட்ராக்கோடு ஒரு மிடி ஃபைலும் எடுத்து வைத்தால் போதும். நடப்பில் இருக்கும் பாட்டுகளுக்கு ஃபைல் மெனுவில் ‘பேக்-அப் ப்ராஜெக்ட்’. வேறு ஃபோல்டரில் சிதறிக் கிடக்கும் ஆடியோவையும் அது ஒரே இடத்தில் சேர்த்துவிடும். சிபிஆரை மட்டும் பென் டிரைவில் போட்டுக்கொண்டு போனால் காலி ட்ராக்தான் மிஞ்சும்.

லாஜிக்கைப் பற்றி: அது ஆப்பிளின் ஏ.யூ ஃபார்மட் ப்ளக்-இன்களை மட்டுமே ஏற்கும், சிபிஆரைத் திறக்காது. அப்படியானால் 40 ப்ராஜெக்ட்டும் ஸ்டெம்தான். கம்ப்யூட்டரையும் மென்பொருளையும் ஒரே மாதத்தில் மாற்றினால் கோளாறு எங்கே என்றே பிடிபடாது. லாஜிக்குக்கு இலவச ட்ரையல் உண்டு. க்யூபேஸ் நிலைத்த பிறகு அதைப் பாருங்கள்.

க்யூபேஸ் லைசென்ஸ் இரண்டு தளத்துக்கும் ஒன்றே, மூன்று கம்ப்யூட்டரில் ஆக்டிவேட் செய்யலாம். ஆனால் எம்4 மினி மேக் ஓ.எஸ் செக்கோயாவோடு வந்த பெட்டி. அதற்கு முந்தைய மேக் ஓ.எஸ் அதில் ஏறாது. க்யூபேஸ் 12-க்கு அதைத் தயாரிக்கும் ஸ்டைன்பெர்க் சொல்லும் பட்டியலில் செக்கோயா இல்லை. எனவே க்யூபேஸ் அப்கிரேடு செலவையும் பட்ஜெட்டில் சேருங்கள்.

தகரப்பொட்டி:

எதிர்க்கட்சி வாதம் ஒண்ணு. எம்4 மினி அடிப்படை மாடல் அறிமுக விலை ₹59,900. 512 ஜிபி வேணும்னா ₹79,900, 24 ஜிபி ரேமும் சேர்த்தா ₹99,900. ரேமைப் பின்னால சேர்க்க முடியாது. வெளி எஸ்.எஸ்.டி, யு.எஸ்.பி ஹப், க்யூபேஸ் அப்கிரேடு எல்லாம் கூட்டிப் பாருங்க. அந்தப் பணத்துக்கு 32 ஜிபி ரேம், உள்ளேயே 2 டிபி என்.வி.எம்.இ எஸ்.எஸ்.டி போட்ட விண்டோஸ் 11 டெஸ்க்டாப் அசெம்பிள் பண்ணலாம். வி.எஸ்.டி 2, ஜேபிரிட்ஜ் எல்லாம் இப்ப ஓடுற மாதிரியே ஓடும். ரெண்டர் வேலையே மிச்சம்.

பதிலுக்கு விண்டோஸ்ல தலைவலி வேற: வைஃபை, கிராஃபிக்ஸ் டிரைவர் ஏதாவது ஒண்ணு இடைஞ்சல் பண்ணி சத்தம் பொரியும். புதுப் பொட்டி வந்ததும் லேட்டன்ஸிமான் (டிரைவர் தாமதத்தை அளக்கிற மென்பொருள்) போட்டு அரை மணி நேரம் ஓட விடுங்க. சிவப்பு வந்தா எந்த டிரைவர்னு அதுவே காட்டும். பெரும்பாலும் வைஃபையை டிஸேபிள் பண்ணினாலே அடங்கிடும்.

அவசரம் இல்லன்னா இன்னொண்ணு: ஆதரவு முடிஞ்சதால விண்டோஸ் 10 நின்னுடாது. ரெக்கார்டிங்குக்கு மட்டும்னா நெட்டைப் பிடுங்கிட்டு ஓட்டலாம். வீட்டு உபயோகத்துக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு அப்டேட்டும் உண்டு.

சுருதிப்பெட்டி:

தகரப்பொட்டி சொல்லும் கணக்கு சரிதான், 32-பிட் ப்ளக்-இன்களை விட மனமில்லாதவருக்கு. குரலும் வயலினும் மைக்கில் பிடிக்கிற இடத்தில் மினியின் அமைதி பெரிய லாபம். மைக்குக்கு இரண்டடி தள்ளி வைத்தாலும் ஃபேன் சத்தம் கேட்காது.

லைப்ரரி விஷயம். டிஸ்க்கை எக்ஸ்-ஃபேட்டுக்கு (விண்டோஸ், மேக் இரண்டும் எழுதும் ஃபார்மட்) மாற்றி, காப்பி செய்து, திரும்பக் காப்பி செய்து என்று சுற்ற வேண்டாம். மேக்கால் என்.டி.எஃப்.எஸ் டிஸ்க்கில் எழுத முடியாது, படிக்க முடியும். நமக்குப் படித்தால் போதும். 1 டிபி வெளி எஸ்.எஸ்.டி (வினாடிக்கு 1,000 எம்.பி ரகம்) ஒன்றை மேக்கில் அதன் சொந்த ஃபார்மட்டான ஏ.பி.எஃப்.எஸ் ஆக ஃபார்மட் செய்து, பழைய டிஸ்க்கைப் பக்கத்தில் செருகி இழுத்துப் போடுங்கள். சுழலும் டிஸ்க் வினாடிக்கு 100 எம்.பி கொடுத்தால் 600 ஜிபிக்கு ஒன்றே முக்கால் மணி நேரம். குட்டிக் குட்டி ஃபைல்கள் நிறைய இருந்தால் ராத்திரி முழுக்க ஓடும். டிஸ்க்கில் பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) போட்டிருந்தால் விண்டோஸிலேயே நீக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் மேக்கில் டிஸ்க் திறக்காது.

லைப்ரரியின் உள் ஃபோல்டர் அமைப்பைக் கலைக்காதீர்கள். ப்ராஜெக்ட்டுக்குள் கான்டாக்ட் ‘டி டிரைவில் இந்த இடம்’ என்று எழுதி வைத்திருக்கும். மேக்கில் டி டிரைவே கிடையாது. சாம்பிள் காணோம் என்று கேட்கும்போது எஸ்.எஸ்.டி-யில் அந்த லைப்ரரி ஃபோல்டரைக் காட்டி, உடனே ப்ராஜெக்ட்டைப் புதுப் பெயரில் சேமியுங்கள். கான்டாக்ட் ப்ளேயரில் ஓடும் லைப்ரரிகளுக்கு நேட்டிவ் ஆக்ஸஸில் (கான்டாக்ட் நிறுவனத்தின் இன்ஸ்டால் மென்பொருள்) புது இடத்தை ஒருமுறை காட்டினால் போதும்.

சாம்பிள்கள் வெளியே போய்விட்டால் 256 ஜிபி சமாளிக்கும். என்னைக் கேட்டால் பணத்தை ரேமில் போடுங்கள்: எஸ்.எஸ்.டி பின்னால் எப்போது வேண்டுமானாலும் செருகலாம்.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. ‘கோரஸ்’ என்ற பெயரில் இருக்கும் ‘கோ’வை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: க + ோ என்று ஒரே குறியாக, அல்லது க + ே + ா என்று பிரித்து. கண்ணுக்கு இரண்டும் ஒன்று, விண்டோஸுக்கு இரண்டும் வேறு வேறு ஃபைல். ஒ, ஓ, ஔ வரிசை மூன்றிலும் இதே கதை. ஜிப் செய்து அங்கும் இங்கும் கொண்டுபோகும்போது ஃபைல் எதிரிலேயே இருக்க, காணோம் என்று சொல்வது இதனால்தான். மாறும் வரைக்காவது ஆடியோ ஃபைல் பெயர்களை ஆங்கில எழுத்தில் வையுங்கள். பெயரை க்யூபேஸின் பூலுக்குள் (ப்ராஜெக்ட்டின் ஆடியோ ஃபைல் பட்டியல்) மாற்ற வேண்டும். எக்ஸ்ப்ளோரரில் மாற்றினால் இணைப்பு அறுந்துவிடும்.

பழைய கம்ப்யூட்டரைத் துடைப்பதற்கு முன் ஐலாக் லைசென்ஸ் மேனேஜரைத் திறந்து மூன்றையும் டீஆக்டிவேட் செய்துவிடுங்கள். டிஸ்க் செத்த பிறகு கேட்டால் கடிதப் போக்குவரத்துதான்.

மோகனம்_மாடி:

நன்றி. ஃபோல்டர் பெயரை மாற்றிப் பார்த்ததில் 40-இல் 13 ப்ராஜெக்ட்டில் பட்டியல் வந்தது. எல்லாமே ஏழு ப்ளக்-இன்னுக்குள் அடக்கம். மாற்றி முடித்து மினியும் (24 ஜிபி) க்யூபேஸ் 14-ம் ஏற்றியாகிவிட்டது. மூன்று சிக்கல்:

ஸ்கார்லெட்டில் மைக் விளக்கு பச்சையாக எரிகிறது, க்யூபேஸில் ரெக்கார்ட் செய்தால் நேர்கோடு. இலவச ரிவெர்ப் ஒன்றை மேக் திறக்க மறுக்கிறது. மூன்றாவதுதான் குழப்பம்: ஒரு பழைய பாட்டின் ஸ்டெம்களைப் புது டெம்ப்ளேட்டில் போட்டேன். குரல், வயலின், மிருதங்கம் எல்லாம் சேர்ந்து சுருதி ஏறி நிற்கிறது, மிடி தம்புரா மட்டும் பழைய இடத்தில்.

ஃபேடர்நூல்:

நேர்கோடு: மைக் அனுமதி. முதல்முறை திறந்தபோது வந்த கேள்விக்கு ‘வேண்டாம்’ அழுத்தியிருப்பீர்கள். சிஸ்டம் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, மைக்ரோஃபோன் என்று போய் க்யூபேஸை ஆன் செய்து, க்யூபேஸை மூடித் திறங்கள். ஆடியோ இன்டர்ஃபேஸின் எந்த இன்புட்டையும் மேக் ‘மைக்ரோஃபோன்’ என்றுதான் பார்க்கும், கிட்டார் லைனாக இருந்தாலும். அப்படியும் வராவிட்டால் எஃப்4 அழுத்தி இன்புட் பஸ்ஸில் ஸ்கார்லெட் தேர்வாகியிருக்கிறதா பாருங்கள், விண்டோஸின் ஏ.எஸ்.ஐ.ஓ (ஆடியோ டிரைவர்) போர்ட் பெயர்கள் இங்கே பொருந்தாமல் இணைப்பு விடுபட்டு நிற்கும்.

ரிவெர்ப்: அதே பிரைவசி பக்கத்தில் கீழே இறங்கினால் தடுக்கப்பட்ட ஃபைலின் பெயரும் ‘ஓப்பன் எனிவே’ பொத்தானும் இருக்கும். தடுத்த கையோடு போய்ப் பார்க்க வேண்டும், நேரம் கழித்துப் போனால் பொத்தான் இருக்காது. தயாரித்தவரின் சொந்தத் தளத்திலிருந்து இறக்கிய ஃபைலுக்கு மட்டும் இதைச் செய்யுங்கள்.

எஃப்11 அழுத்தினால் இன்ஸ்ட்ருமென்ட் ரேக் வராமல் ஜன்னல்கள் எல்லாம் ஓரம் ஓடுகிறதா? அது மேக்கின் ‘ஷோ டெஸ்க்டாப்’. கீபோர்டு ஷார்ட்கட் பக்கத்தில் அணைத்துவிடுங்கள்.

சுருதிப்பெட்டி:

சுருதி ஏறியதற்குக் காரணம் சாம்பிள் ரேட் (சத்தத்தை வினாடிக்கு எத்தனை முறை அளந்து பதிகிறது என்பது). ஸ்டெம்கள் 44.1 கிலோ ஹெர்ட்ஸ், உங்கள் டெம்ப்ளேட் 48. இம்போர்ட் செய்யும்போது மாற்றட்டுமா என்று கேட்டதற்கு டிக் எடுத்துவிட்டு உள்ளே விட்டிருப்பீர்கள். 48-ஐ 44.1-ஆல் வகுத்தால் 1.088, ஏறத்தாழ ஒன்றரை செமிடோன். 1 கட்டையில் பாடியது ஒன்றரைக்கும் இரண்டுக்கும் நடுவில் போய் நிற்கும், எந்தக் கட்டையிலும் சேராது. வேகமும் அதே அளவு கூடும்: 4 நிமிடப் பாட்டு 3 நிமிடம் 40 வினாடியில் முடிகிறதா என்று பாருங்கள், சந்தேகம் தீர்ந்துவிடும். மிடிக்கு சாம்பிள் ரேட் கிடையாது, அதனால் தம்புரா அசையவில்லை.

பிட்ச் ஷிஃப்ட் போட்டு இறக்கப் போகாதீர்கள், மிருதங்கத்தின் வலந்தலை நாதம் கெட்டுவிடும். கட் எதுவும் செய்யவில்லை என்றால் அந்த ட்ராக்குகளை அழித்து, மாற்றும் டிக்கோடு மறுபடி இம்போர்ட் செய்வதே சுத்தம். எடிட் செய்துவிட்டீர்கள் என்றால் கமாண்ட் + பி (P) அழுத்திப் பூலைத் திறங்கள். தகவல் பத்தியில் 44.100 என்று காட்டும் க்ளிப்புகளைத் தேர்ந்தெடுத்து மீடியா மெனுவில் ‘கன்ஃபார்ம் ஃபைல்ஸ்’ (Conform Files) கொடுங்கள். பழையதை வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்கும், வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு ட்ராக்கின் வலது ஓரத்தையும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள், கடைசி வரி நறுக்கென்று நின்றிருக்கலாம்.