பெரியவங்ககிட்ட பேசினதுல இன்னும் மனசை விட்டுப் போகாதது

லஸ்கார்னர்:
நாகேஸ்வர ராவ் பார்க்ல காலைல நடக்கறவங்களுக்கு இவரைத் தெரிஞ்சிருக்கும். எண்பதைத் தாண்டியாச்சு. யாரைப் பார்த்தாலும் "பேத்திக்குக் காய்ச்சல்னேளே, விட்டுதா?", "கண் ஆபரேஷனுக்குத் தேதி குடுத்துட்டாளா?" போன வாரம் அவருக்குப் பின் பெஞ்சுல உக்காந்திருந்தேன். சட்டைப் பையிலேருந்து சின்ன டைரியை எடுத்து, விரலை எச்சில் பண்ணிப் புரட்டறார். "நீல டீஷர்ட், பொண்ணு, விசா." அது நான்தான். உதடு அசைய மனப்பாடம் பண்ணிட்டு எழுந்து திரும்பினார். "விசா வந்துதா சார்?" வந்துடுத்துன்னேன். வரலை. ஏன் அப்படிச் சொன்னேன்னு எனக்கே புரியலை.

பொன்மலை:
தப்பா நினைக்காதீங்க, எழுதி வச்சுக்கிட்டு விசாரிக்கிறது இன்ஸூரன்ஸ் ஏஜென்ட் வேலை. மனசுல இருந்தா தானா வாயில வரும்.

நான் ரயில்வே ரிடையர்டு. நவம்பர் மாசம் பென்ஷனுக்கு உயிர்ச் சான்று குடுக்க பேங்க்ல வரிசை நிக்கும். கால் வலிக்கும், ஆனா பழைய ஷெட் ஆளுங்க அத்தனை பேரையும் அங்கதான் பார்ப்போம். 2021லேர்ந்து முகத்தைக் காட்டி போன்லயே முடிச்சுடலாம்னு ஆயிருச்சு. நல்லதுதான். போன நவம்பர்ல பாஸ்புக் வரவு வைக்கப் போனா, எங்க சீனியர் ஒருத்தர் இஸ்திரி போட்ட சட்டையோட உக்காந்திருக்கார். "அண்ணே, சான்று குடுக்கவா?" "பையன் போன்லயே பண்ணிட்டான்டா. சும்மா, யாராவது வருவீங்களான்னு பார்க்க வந்தேன்." மதியம் வரைக்கும் நாங்க ரெண்டு பேர்தான்.

மதுரை மருமக:
பொன்மலை அண்ணே, எழுதிவச்சாவது கேக்குறாரேன்னு இருக்கு எனக்கு. எங்க மாமாவுக்குக் காது மந்தம், ஒத்துக்க மாட்டாரு. எல்லாத்துக்கும் சிரிச்சுத் தலையாட்டிருவாரு. கொழுந்தன் கல்யாணத்துல தூரத்துச் சொந்தக்காரர் வந்து, "அக்கா தவறிருச்சு மாமா, காரியம் நேத்துதான் முடிஞ்சுச்சு"ன்னாரு. மாமா அவரு கையைப் பிடிச்சு, "ரொம்ப சந்தோசம், இருந்து சாப்பிட்டுத்தான் போகணும்"னுட்டாரு. அந்த ஆளு முகம் இன்னும் என் கண்ணுல நிக்குது. அதுலேர்ந்து மாமா எந்த விசேசத்துக்கும் வர்றதில்ல.

சேலத்துக்காரன்:
எங்க அம்மாவுக்கும் இதே கதைங்க, அதனால சொல்றேன். வயசானா கூர்மையான சத்தம்தான் முதல்ல போகும். ச, த, ப எல்லாம் நழுவிடும், அ, ஆ, ஓ மட்டும் கேட்கும். அதனால நமக்குக் காது போச்சுன்னு அவங்களுக்குத் தோணாது, எல்லாரும் முணுமுணுக்கறாங்கன்னுதான் தோணும். கத்தாதீங்க, கத்தினா இன்னும் குழறும். எதிர்ல உக்காந்து, வெளிச்சம் உங்க முகத்துல படற மாதிரி பேசுங்க. புரியலைன்னா அதையே திருப்பிச் சொல்லாம வேற வார்த்தை போடுங்க. எந்தச் சத்தம் எவ்வளவு கேக்குதுன்னு அளக்கற ஆடியோகிராம் டெஸ்ட் எடுத்துப் பாருங்க. லான்செட்ங்கற மருத்துவப் பத்திரிகையோட நிபுணர் குழு 2020ல மறதி நோய்க்குப் போட்ட 12 காரணப் பட்டியல்ல காது கேளாமையும் இருக்கு, தனிமையும் இருக்கு. 2024ல 14 ஆக்கினாங்க, ரெண்டும் அப்படியே இருக்கு. ஒண்ணு இன்னொண்ணுல கொண்டுபோய் விடும்ங்கறது என் கணிப்பு. காது மெஷின் வாங்கினா பேட்டரி ஸ்டிக்கரை உரிச்சதும் உடனே போடாதீங்க, காத்துப் பட ஒரு நிமிஷமாவது விடுங்க. இன்னொண்ணு, விசேஷ வீட்டுல நாதஸ்வரத்துக்குப் பக்கத்துல மட்டும் உக்கார வைக்காதீங்க.

பொன்மலை:
இங்க அனுபவம்தானேய்யா கேட்டாங்க, மருத்துவக் குறிப்பா கேட்டாங்க?

மதுரை மருமக:
இல்லண்ணே, எனக்கு இதுதான் வேணும். மெஷின் வாங்கி பீரோவுல கிடக்கு. போட்டா தட்டு வைக்கிற சத்தம் இடி மாதிரி விழுதுங்கிறாரு. எதிர்ல உக்காந்து பேசச் சொல்றீங்க, உக்காந்தா எந்திரிச்சுப் போயிர்றாரே. பேரன் வந்தா மட்டும் உக்காருறாரு. அவன வச்சுப் போடச் சொல்லிப் பார்க்கவா?