பிளாஸ்டிங் செய்த தகட்டில் பிரைமர் தோலாக உரிகிறது – உதவுங்கள்

முகத்துவாரம் பட்டறை:
வணக்கம். கடற்கரையை ஒட்டிய பட்டறை எங்களுடையது. தண்ணீர்த் தாங்கி ஒன்றின் வெளித்தகடுகளை பிளாஸ்டிங் செய்து (அழுத்தக் காற்றால் இரும்புத் துகள்களை வீசியடித்துத் துப்புரவாக்கி) எபொக்சி பிரைமர் (முதற்பூச்சு) பூசினோம். மூன்றாம் நாள் விளிம்பில் நகத்தை விட்டதும் வாழைநார் போல நீளமாக உரிந்து வந்துவிட்டது. காற்றழுத்தம் வழக்கமான 7 பார். வழக்கமாக வாங்கும் ஸ்டீல் கிரிட் கிடைக்காததால் இம்முறை ஷொட் வாங்கினோம். தகடு முன்பைவிடப் பளபளப்பாகவே இருந்தது. வெள்ளிக்கிழமை வேலையை ஒப்படைக்க வேண்டும். பிரைமர் பழுதானதா?

பேலியகொடை வெல்டர்:
உரிந்த தோலின் உட்பக்கம் எப்படி இருக்கிறது?

முகத்துவாரம் பட்டறை:
கீறல் எதுவும் இல்லை. அம்மைத்தழும்பின் அச்சு போல மழுங்கிய புடைப்புகள்தான். ஓரிரு இடங்களில் கபில நிறத் தூள் ஒட்டியிருக்கிறது.

கப்பல் பூச்சுக்காரர்:
தம்பி, பிரைமரைக் குறை சொல்லாதீர்கள். ஷொட் உருண்டை, அது இரும்பைக் குட்டும். கிரிட் கூரானது, அது கொத்தும். கொத்திய பள்ளங்களின் கூரில்தான் பூச்சு கவ்விப் பிடிக்கிறது. எபொக்சிக்குப் பெரும்பாலும் 50 முதல் 75 மைக்ரோன் ஆழம் கேட்பார்கள். பூச்சின் தரவுத்தாளைப் பாருங்கள். ஜி 40 என்ற அளவுக் கிரிட் அநேகமாகப் போதும். விரலால் தடவினால் அரத்தைத் தொட்டதுபோல் உறுத்த வேண்டும். பளபளப்பை நம்பாதீர்கள். ஷொட்டை எறியவும் வேண்டாம், வார்ப்பு உருப்படிகளில் ஒட்டிய மணலை உதிர்க்க அருமையான பொருள் அது.
கபிலத் தூள் கறள். அடித்த அன்றே பூசினீர்களா?

முகத்துவாரம் பட்டறை:
இல்லை அண்ணை, மறுநாள் காலையில்.

கப்பல் பூச்சுக்காரர்:
வெறும் இரும்பைக் கடற்காற்றில் ஓர் இரவு விட்டால் வேறென்ன நடக்கும்! உப்பும் ஈரமும் சேர்ந்தால் விடியுமுன் கறள் பூத்துவிடும். தகடுகளை நல்ல தண்ணீரில் கழுவி, உலர்த்தி, மீண்டும் அடியுங்கள். அன்றைக்குப் பூசி முடிக்கக்கூடிய அளவுக்கு மட்டும் அடியுங்கள். ஈரப்பதன் 85 வீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், தகட்டின் வெப்பம் பனிபடுநிலையைவிட (காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 3 பாகை செல்சியஸாவது கூடியிருக்க வேண்டும்.

கொலன்னாவை:
கிரிட்டை ஒரு பிடி போத்தலில் போட்டு, சுத்தமான தண்ணீர் ஊற்றிக் குலுக்கிப் பாருங்கள். மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால் அதைப் பாவிக்க வேண்டாம். கிரிட் கிடைக்கவில்லை என்று மணலுக்கு மட்டும் போய்விடாதீர்கள். அந்தச் சிலிக்காத் தூசு நுரையீரலை அரித்துவிடும், அதற்கு மாற்று மருந்து கிடையாது. உங்கள் பையன்களின் உயிர் அது.

முகத்துவாரம் பட்டறை:
மணலைத் தொடமாட்டோம். தெரிந்த பட்டறையொன்றில் இரண்டு மூட்டை ஜி 40 கிடைத்தது. முந்தாநாள் ஒரு தகட்டைக் கழுவி, பிற்பகல் அடித்து, பொழுது சாயுமுன் பூசினோம். இன்று அதே விளிம்பில் நகத்தை விட்டேன். நகம்தான் உடைந்தது. வெள்ளிக்கிழமைக்கு முடியாது, தாங்கிக்காரரிடம் நான்கு நாள் தவணை கேட்டிருக்கிறேன்.