ஏழு லீவர் போட்டால் கள்ளன் வரமாட்டானாம்!

கொட்டகலையான்:
தேர்த் திருவிழா அன்று தோட்டத்து லயமே (வரிசை வீடுகள்) காலியாகிவிடும், வீட்டை எப்படிப் பூட்டிவிட்டுப் போவது என்று போன வாரம் ஒரு தங்கச்சி இங்கே கேட்டிருந்தார். நம்ம ஹார்ட்வெயார் மாமா ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டார்: "ஏழு லீவர் பூட்டு ஒன்று வாங்கிப் போடு, அப்புறம் கள்ளன் வாசல் பக்கமே வரமாட்டான்." அதற்குக் கீழே வரிசையாகக் கைதட்டல் வேறு.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் அத்தை வீட்டுக் கதவில் தொங்கியதும் ஏழு லீவர்தான், அதாவது உள்ளே ஏழு தகடு உள்ள பூட்டு. கள்ளன் அதைத் தொடக்கூட இல்லை. அலவாங்கு (கடப்பாரை) நுனியைப் பூட்டு மாட்டும் கொண்டிக்குப் பின்னால் விட்டு ஒரு நெம்பு. பொலிஸ் வந்து பார்த்தபோது பூட்டு பூட்டியபடியே இருந்தது, கொண்டியோடு சேர்ந்து ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டு. நான்கு திருகாணியும் வாசற்படியில் கிடந்தன. எல்லாம் முக்கால் அங்குலம், புரியில் ஈர மரத்தூள் ஒட்டியிருந்தது. மாமா, அந்த நேரம் உங்கள் ஏழு லீவரும் என்ன செய்துகொண்டிருந்தன? வேடிக்கை பார்த்தனவா?

ஹார்ட்வெயார் மாமா:
தம்பி, நீயே எனக்குச் சாட்சி சொல்லிவிட்டாய், நன்றி. கள்ளன் பூட்டைத் திறந்தானா? இல்லை. ஏன் திறக்கவில்லை? ஏழு லீவர். திறக்க முடியாததால்தான் கொண்டிப் பக்கம் போனான். நான் பூட்டைப் பற்றிச் சொன்னேன், கொண்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னேனா?

கொட்டகலையான்:
"வாசல் பக்கமே வரமாட்டான்" என்று எழுதினீர்கள் மாமா. வந்தான். வாசலால்தான் உள்ளே போனான். அத்தையின் தோடும் போனது.

ஹார்ட்வெயார் மாமா:
வந்தது கொண்டிக்கு. பூட்டுக்கு அல்ல.

பழைய பாஸ்:
நாற்பது வருடமாகக் கதவு செய்கிறேன். பூட்டைப் பற்றிச் சண்டை போடுகிறவர்கள் யாரும் கதவைத் தட்டிப் பார்ப்பதில்லை. லயத்துக் கதவு பலகைக் கதவு. மாரியில் ஊறிப் பருத்துவிடும், வெயிலில் சுருங்கிப் பிளக்கும், அந்தப் பிளவுக்குள்தான் நீங்கள் திருகாணி அடிக்கிறீர்கள். கொண்டியைத் திருகாணியில் நிறுத்தக்கூடாது. கதவை ஊடுருவித் துளை போட்டு, வெளியே உருண்டைத் தலை போல்ட், உள்ளே தகடு வைத்து நட்டு. வெளியிலிருந்து கழற்றப் பிடி இருக்காது. அப்போது நெம்பினால் பலகையே பிய்ந்தால்தான் உண்டு. அப்புறம் ஏழு லீவரா ஐந்து லீவரா என்று பேசலாம்.

ஹார்ட்வெயார் மாமா:
ஏழு, பாஸ். ஐந்து இல்லை. அதைத்தான் சொல்கிறேன். லீவர் என்றால் என்ன என்றே தெரியாமல் ஆளாளுக்கு எழுதுகிறீர்கள். பூட்டுக்குள் தகடுகள் அடுக்கியிருக்கும். சாவியின் ஒவ்வொரு வெட்டும் ஒரு தகட்டைத் தூக்கும். கொஞ்சம் குறைவாகத் தூக்கினாலும் திறக்காது, கொஞ்சம் கூடத் தூக்கினாலும் திறக்காது. ராபர்ட் பாரன் என்ற வெள்ளைக்காரன் 1778இல் கண்டுபிடித்த வேலை இது. ஏழு தகடும் ஒரே நேரத்தில் சரியான உயரத்துக்கு வரவேண்டும். கம்பி விட்டுக் கிண்டுகிறவனால் முடியுமா? முப்பது வருடம் கடையில் இருந்து சொல்கிறேன்.

மூடுபனி:
மாமா வரலாற்றுக்குள் போய்விட்டதால் நானும் வருகிறேன். லண்டன் பிக்கடில்லியில் பிராமா என்ற பூட்டுக் கொம்பனியின் கடை ஜன்னலில் ஒரு பூட்டு வைத்து, திறப்பவருக்கு 200 கினி (அந்தக் காலத் தங்கக் காசு) என்று எழுதிப்போட்டிருந்தார்கள். அதில் 7 அல்ல, 18 தகடு. அறுபது வருடத்துக்கு மேல் ஒருவராலும் முடியவில்லை. 1851இல் பெரிய கண்காட்சிக்கு வந்த ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் அதைத் திறந்து காட்டினார். சப் கொம்பனியின் லீவர் பூட்டு, கிண்டினால் காட்டிக்கொடுக்கும் என்று பேர் வாங்கியது. அதையும் அதே வருடம் 25 நிமிடத்தில் திறந்தார். 18 தகடு இருந்தும் திறந்தாயிற்று, நீங்கள் 7ஐப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள்.

ஹார்ட்வெயார் மாமா:
பாதியை மட்டும் சொல்லாதே பிள்ளை. பிராமா பூட்டுக்கு ஹாப்ஸுக்கு எவ்வளவு நேரம் போனது? 51 மணித்தியாலம். பதினாறு நாளில் பரப்பி. நம்ம ஊர்க் கள்ளன் 51 மணித்தியாலம் வாசலில் குந்திக்கொண்டிருந்தால் பக்கத்து வீட்டு அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்து, யாரைப் பார்க்க வந்தாய் என்று கேட்டிருப்பார்.

மூடுபனி:
சப் பூட்டுக்கு 25 நிமிடம் என்பதை ஏன் விட்டுவிட்டீர்கள்? அதுதானே லீவர் பூட்டு?

ஹார்ட்வெயார் மாமா:
அது 1851. இது இப்போது.

மூடுபனி:
ஓ, உங்கள் கடைக்கு 1778 மட்டும் செல்லும், 1851 செல்லாது. சரி.

நுவரெலியா டீச்சர்:
எல்லாரும் ஆமைப்பூட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். வெளியே ஒரு பெரிய பூட்டைத் தொங்கவிடுவதே "வீட்டில் ஆள் இல்லை" என்று பலகை எழுதி மாட்டுவதற்குச் சமம் என்று யாருக்கும் தோன்றவில்லையா? கதவுக்குள் பதிக்கும் பூட்டு என்றால் உள்ளே ஆள் இருக்கிறதா இல்லையா என்று வெளியே தெரியாது. பிரித்தானியத் தரம் பிஎஸ் 3621 என்று ஒன்று இருக்கிறது. தாழ் 20 மில்லிமீற்றராவது வெளியே நீளவேண்டும், குறைந்தது 1000 விதமான சாவி இருக்கவேண்டும், துளைபோட்டால் தாங்கவேண்டும் என்று அதில் கேட்கிறார்கள். அங்கே கடைகளில் அந்தத் தரத்துக்கு ஐந்து லீவரே விற்கிறார்கள்.

ஹார்ட்வெயார் மாமா:
டீச்சர், ஏழு என்பது ஐந்தை விடக் கூட. கணக்குப் பாடம் நீங்கள் எடுப்பதில்லை என்று நினைக்கிறேன்.

நுவரெலியா டீச்சர்:
கணக்குத்தான் எடுக்கிறேன். அதனால்தான் கேட்கிறேன், ஏழு தகட்டையும் ஒரே உயரத்தில் வெட்டி வைத்தால் அது எத்தனை லீவர்? மலிவுப் பூட்டில் நடப்பது அதுதான். பெட்டியில் 7 என்று அடித்திருக்கும், உள்ளே இரண்டு மூன்று வகை வெட்டுத்தான். என் வீட்டுச் சாவி பக்கத்து வீட்டுப் பூட்டையும் திறந்தது. இரண்டும் ஒரே கடையில் வாங்கியவை. எந்தக் கடை என்று நான் சொல்லவில்லை.

ஹார்ட்வெயார் மாமா:
சொல்லுங்கள். பயப்படாமல் சொல்லுங்கள். என் கடை இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். நான் விற்றதெல்லாம் அசல் ஏழு லீவர்.

பழைய பாஸ்:
அசல் ஏழு லீவர் விற்றீர்கள், கூடவே முக்கால் அங்குலத் திருகாணியும் விற்றீர்கள். இரண்டு அங்குலம் கேட்டு ஆள் அனுப்பினேன். "முடிந்துவிட்டது, இதைக் கொண்டுபோகச் சொல்" என்று அனுப்பினது யார்?

ஹார்ட்வெயார் மாமா:
அது பத்து வருடத்துக்கு முந்தின கதை. அந்தப் பில் காசு இன்னும் வரவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள் பாஸ்.

பழைய பாஸ்:
திருகாணி சரியில்லை என்றுதான் காசு தரவில்லை.

துபாய் தம்பி:
இந்தக் காலத்திலும் சாவி, லீவர் என்று பேசிக்கொண்டிருக்கிறீர்களே. இங்கே நான் இருக்கும் கட்டடத்தில் கைரேகை வைத்தால் கதவு திறக்கும். அம்மாவுக்கும் ஒன்று வாங்கி அனுப்பப் போகிறேன்.

கொட்டகலையான்:
2022இல் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அன்றைக்கு உன் அம்மா எங்கே படுத்திருப்பார்? வாசலிலா?

துபாய் தம்பி:
அண்ணே, அது பேட்டரியில் ஓடும். கரண்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பேட்டரி இறங்கினால் சாவியும் போடலாம்.

ஹார்ட்வெயார் மாமா:
பார்த்தீர்களா, கடைசியில் சாவிக்குத்தான் வந்து நின்றான். அந்தச் சாவி எத்தனை லீவர் என்று கேளுங்கள். அப்புறம், காலை முழுக்கக் கொழுந்தெடுத்த விரலில் ரேகை எங்கே இருக்கிறது? சாயமும் வெடிப்பும்தான் இருக்கிறது. உன் அம்மாவிடம் கேட்டுவிட்டு அனுப்பு.

துபாய் தம்பி:
அம்மா தோட்டத்தை விட்டு எத்தனையோ வருடமாகிறது. தெரியாமல் எழுதாதீர்கள் மாமா.

பண்டாரவளை மருமகன்:
டீச்சர், ஒரு சந்தேகம். என் கதவுப் பூட்டு காலையில் இறுகிப்போய் நிற்கிறது, மத்தியானம் நன்றாகத் திரும்புகிறது. எண்ணெய் விட்டுத்தான் வைத்திருக்கிறேன். இதுவும் லீவர் பிரச்சினையா?

நுவரெலியா டீச்சர்:
தேங்காய் எண்ணெயா விட்டீர்கள்? அது 24 பாகைக்குக் கீழே போனால் உறைகிற சாமான். எங்கள் ஊரில் போத்தலை அடுப்புப் பக்கம் வைக்காமல் தலைக்கே எண்ணெய் வைக்க முடியாது. பூட்டுக்குள் உறைந்து, தூசியையும் சேர்த்துப் பிசினாகிவிடும். மண்ணெண்ணெய் விட்டுக் கழுவிக் காயவிட்டு, பென்சில் கரியைச் சுரண்டிச் சாவியில் பூசிப் போட்டுத் திருப்புங்கள்.

பண்டாரவளை மருமகன்:
செய்து பார்க்கிறேன். எங்கள் பக்க மழையில் கதவும் பருத்துவிடுகிறது, அதனாலும் இருக்கலாம்.

வட்டவளை வாசி:
பண்டாரவளையில் மழையா? ஜூன், ஜூலையில் நீங்கள் வறண்ட கச்சான் காற்றில் துணி காயப்போடும்போது நாங்கள் குடையோடு படுத்திருக்கிறோம். வருடத்துக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிற ஊர் எங்களுடையது. கதவு பருப்பதைப் பற்றி எங்களிடம் கேளுங்கள்.

பண்டாரவளை மருமகன்:
எங்களுக்கு மாரி ஐப்பசி, கார்த்திகையில். அப்போது வந்து பாருங்கள். நான் மருமகனாக வந்த ஊரை யாரும் கேவலமாகப் பேசவேண்டாம்.

வட்டவளை வாசி:
மழை குறைவு என்று சொன்னால் கேவலமா?

கொட்டகலையான்:
ஐயாமாரே, மழையை விடுங்கள். மாமா இன்னும் பதில் சொல்லவில்லை. லயத்தில் தகரக் கூரை. இரண்டு தகட்டைத் தூக்கினால் ஆள் இறங்கலாம். பின் ஜன்னல் பலகை ஒரு கொக்கியில் நிற்கிறது. வெளிப்பக்கம் திறக்கும் கதவென்றால் பிணைச்சல் (கீல்) ஆணியைத் தட்டிக் கழற்றிவிடலாம். இத்தனை வழி இருக்கும்போது ஏழு லீவர் யாரைத் தடுக்கும்?

ஹார்ட்வெயார் மாமா:
பூட்டைத் திறக்க வருகிறவனைத் தடுக்கும். எத்தனை தரம் சொல்வது? நீ கூரையைச் சொல்கிறாய், ஜன்னலைச் சொல்கிறாய், பாஸ் பலகையைச் சொல்கிறார், டீச்சர் எண்ணெயைச் சொல்கிறார். ஒருவராவது ஏழு லீவரைத் திறந்து காட்டினீர்களா?

மூடுபனி:
இணையத்தில் எத்தனையோ பேர் திறந்து காட்டுகிறார்கள். சாதாரண ஆமைப்பூட்டைச் சோடா டின் தகட்டை வெட்டிச் செருகியே திறக்கிறார்கள்.

ஹார்ட்வெயார் மாமா:
அது அமுக்கினால் தானாகப் பூட்டும் ஜாதி. வளையத்தை ஸ்பிரிங் பிடித்திருக்கும், தகடு போனால் விட்டுவிடும். என்னுடையதைச் சாவி போட்டுத் திருப்பித்தான் பூட்டவே முடியும். டின் தகட்டைக் கொண்டுவந்து செருகு பார்ப்போம். தெரியாத விஷயத்தில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளாதே.

மூடுபனி:
"சாதாரண" என்று எழுதியிருக்கிறேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசியுங்கள்.

பழைய பாஸ்:
தண்ணீர்த் தாங்கி விவாதத்திலும் இவர் இப்படித்தான். தாங்கி வெடித்தது குழாய்க்காரன் பிழை, தாங்கி நல்லது என்றார்.

ஹார்ட்வெயார் மாமா:
தாங்கி நல்லதுதான். குழாய்க்காரன் யார் என்றும் சொல்லட்டுமா? உங்கள் மச்சான்.

பழைய பாஸ்:
குடும்பத்தை இழுக்கவேண்டாம். நேரில் பேசிக்கொள்வோம்.

நுவரெலியா டீச்சர்:
எனக்கு ஒரே கேள்வி. வீடு புகுந்த கள்ளன் கம்பி விட்டுப் பூட்டைக் கிண்டித் திறந்ததாக இங்கே யாராவது நேரில் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததெல்லாம் நெம்பியது, உடைத்தது, ஜன்னலால் புகுந்தது.

ஹார்ட்வெயார் மாமா:
பார்த்ததில்லை அல்லவா? ஏன் பார்த்ததில்லை? எல்லாரும் என்னிடம் ஏழு லீவர் வாங்கிப் போட்டிருக்கிறார்கள்.

கொட்டகலையான்:
கடவுளே.

வட்டவளை வாசி:
பண்டாரவளை அண்ணன் இன்னும் மில்லிமீற்றர் கணக்குச் சொல்லவில்லை.

ஹார்ட்வெயார் மாமா:
தம்பி கொட்டகலையான், உன் அத்தையின் பூட்டு இன்னும் பழுதில்லாமல்தானே இருக்கிறது? சாவி போட்டால் திறக்கிறதா? அதை மட்டும் எழுது. ஆமா, இல்லை, இரண்டில் ஒன்று.

பழைய பாஸ்:
பதில் சொல்லாதே தம்பி. சொன்னால் அதையும் விளம்பரமாக்கிவிடுவார். உனக்கு நல்ல கொண்டி நான் அடித்துத் தருகிறேன். போல்ட் மட்டும் வேறு கடையில் வாங்கு.