தாண்டிக்குடி: எங்கள் தோட்டத்தில் இருப்பது கல்திட்டையா, கற்பதுக்கையா?

கேள்வி: எங்கள் காப்பித் தோட்டத்து மேட்டுப் பாறையில், மூன்று பக்கமும் பலகைக்கல் நிறுத்தி, மூடுகல் ஏற்றிய அமைப்பு ஒன்று உள்ளது, பெரியவர்கள் அதைக் குள்ளர் வீடு என்பார்கள். இதன் பெயரும் காலமும் என்ன?

மறுமொழி 1: தரைக்கு மேலே நிற்பதால் கல்திட்டைதான், ஐயா; இறந்தோருக்காகப் பழங்காலத்தில் எழுப்பிய ஈமச்சின்னம் அது. மண்ணுக்குள் புதைந்திருந்தால் கற்பதுக்கை என்போம்.

மறுமொழி 2: பழனி மலையடிவாரத்து ஊரான பொருந்தலில், ஈமச்சின்னத்துக்குள் இருந்த நான்குகால் சாடியில் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 490 எனக் கணிக்கப்பட்டது. ஆனால் அந்த ஆண்டை அப்படியே உங்கள் திட்டைக்கும் ஒட்டிவிட முடியாது. கறுப்பு சிவப்புப் பானை ஓடு தென்பட்டால், கிடந்த இடத்திலேயே படமெடுத்துத் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள்.

கேட்டவர்: நன்றி. மூடுகல்லில் மிளகுக்கொடி படர்ந்துள்ளது, பிடுங்கலாமா?

மறுமொழி 2: பிடுங்கினால் கல் அசையக்கூடும்; அடியில் நறுக்கிக் காயவிடுங்கள்.